கணக்கில் வராத நடை

நேயர்களுக்கு வணக்கம். நான் ஓர் இயன்முறை மருத்துவர். முழங்கால் வலி, இடுப்பு வலி என்று வருகிறவர்களிடம், 'தினமும் எவ்வளவு நடப்பீர்கள்?' என்று கேட்பது என் வழக்கம். 'நடப்பதே இல்லை, டாக்டர்' என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். அது உண்மையில்லை என்பதை 2020 மார்ச் 25 அன்று தொடங்கிய ஊரடங்கு எனக்குக் காட்டிக்கொடுத்தது.

பூங்காவில் கைவீசி நடந்தால்தான் நடை என்று நினைக்கிறோம். பஸ் நிறுத்தம் வரை போவதும், காய்கறிச் சந்தையில் கடைகடையாக விலை கேட்பதும், அலுவலகத்தில் மாடி ஏறி இறங்குவதும் நம் கணக்கில் வருவதில்லை. அந்த நடைதான் ஒரே இரவில் நின்றுபோனது.

கைப்பேசிச் செயலி ஒன்றில் பதிவான காலடிகளை வைத்து, 187 நாடுகளைச் சேர்ந்த நாலரை லட்சம் பேரை ஆராய்ந்தார்கள். கொரோனாவை உலகப் பெருந்தொற்று என்று அறிவித்த முப்பதே நாளில், சராசரி நடை 27 சதவீதம் குறைந்திருந்தது. கடுமையாக முடங்கிய இத்தாலியில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. கதவடைக்காத சுவீடனில் 7 சதவீதம்தான். எல்லா நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால், சராசரியாக நாளொன்றுக்குச் சுமார் 1,400 காலடிகள் குறைந்திருந்தன. தெருமுனைத் தேநீர்க் கடைக்குப் போய்வரும் தூரம், அவ்வளவுதான்!

ஆனால், கைப்பேசி கையில் இருந்தால்தானே செயலி எண்ணும்? வீட்டில் எல்லோரும் இருந்ததால் நாள் முழுதும் அடுப்படிக்கும் கூடத்துக்குமாக அலைந்த பெண்களின் கைப்பேசி எங்கோ சார்ஜில் கிடந்தது. வேலையிழந்து, மூட்டை முடிச்சோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே ஊர் போன புலம்பெயர் தொழிலாளர்களை எந்தச் சராசரியில் சேர்ப்பது? 'ஊரடங்கில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம்' என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

உட்கார்ந்தவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஓய்வுபெற்றவர், எழுபதை நெருங்குபவர். நாலைந்து மாதம் வீட்டோடு இருந்துவிட்டு, உறவினர் வீட்டில் பந்தியில் சம்மணமிட்டு அமர்ந்திருக்கிறார். சாப்பிட்டு முடித்தபின் எழ முடியவில்லை; இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியதாயிற்று. என்னிடம் வந்து, 'நான் எந்த உடற்பயிற்சியையும் விடவில்லையே டாக்டர், எதையும் செய்ததே இல்லையே!' என்றார். காலையில் பால், பிறகு செய்தித்தாள், மாலையில் நூலகம், கோயில்: இதுதான் அவர் செய்துவந்த பயிற்சி. அது போனதும் தொடைத் தசை இளைத்துவிட்டது.

1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துச் சோதித்தார்கள். உடலின் உழைப்புத் திறன் கால் பங்குக்கு மேல் சரிந்தது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரைச் சோதித்தபோது, முப்பது வருட வயதைவிட அந்த மூன்று வாரப் படுக்கையே அதிகம் பாதித்திருந்தது தெரிந்தது. ஊரடங்கில் நாம் படுத்துவிடவில்லை, சரி. ஆனால் நமக்கு வயதும் இருபது இல்லையே!

உடற்பயிற்சிக் கூடம் போனவர்கள், கதவு திறந்ததும் திரும்பிப் போனார்கள். பால் வாங்கப் போன நடைதான் திரும்பவில்லை. பால் வாசலுக்கு வருகிறது, மின்கட்டணம் கைப்பேசியிலேயே முடிகிறது. 2000இல் வயதுவந்த இந்தியர்களில் 22 சதவீதம் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. 2022இல் அது ஏறக்குறைய 50 சதவீதம். பழியை முழுக்க ஊரடங்கின் மேல் போட மாட்டேன். ஏற்கெனவே சரிவில் இறங்கிக்கொண்டிருந்த வண்டியை அது ஒரு தள்ளு தள்ளியது என்பது என் கணிப்பு.

தொடர்ந்து பத்து நிமிடமாவது நடந்தால்தான் கணக்கு என்றிருந்த விதியை 2020 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் கைவிட்டது. இப்போது இரண்டு நிமிட நடைக்கும் மதிப்புண்டு. அந்தப் பெரியவரிடம் அதைத்தான் சொன்னேன். பால் பாக்கெட்டை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாமென்று நிறுத்திவிட்டார். இப்போது அவர் மனைவிக்கு என்மேல்தான் கோபம்: பால் வாங்கப் போகிறவர் திரும்பிவர ஒன்றரை மணிநேரம் ஆகிறதாம்.