18க்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை

விசைப்படகு உரிமையாளர்களுக்கும், ஒர்க்‌ஷாப், ஐஸ் பிளான்ட் நடத்துபவர்களுக்கும், குழந்தைகள் இல்லக் கண்காணிப்பாளர்களுக்கும் வணக்கம்.

இல்லத்துப் பிள்ளைக்கு 18 முடிந்தால் இல்லத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். அப்படிக் கிளம்பியவர்களுக்கு 21 வயது வரை பிற்காப்பு உதவிக்கு 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் வழி செய்திருக்கிறது. விசேஷக் காரணம் இருந்தால் 23 வரை நீட்டலாம். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாயும் உண்டு. இருந்தும் வேலைப் பழக்கத்துக்கு அனுப்பிய பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். 17லேயே முடித்திருக்க வேண்டிய ஏற்பாடுகளை 18க்குப் பிறகு தொடங்குகிறோம், அதுதான் காரணம்.

ஆதாரை எடுங்கள். அதில் பெரும்பாலும் இல்லத்தின் செல்போன் எண்தான் இருக்கும். தொழில் பழகுநராக (அப்ரண்டிஸ்) பதிவு செய்ய உட்கார்ந்தால் ஓடிபி பழைய கண்காணிப்பாளர் போனுக்குப் போகும். அவரோ மாற்றலாகி எங்கோ இருப்பார். பிள்ளையை ஆதார் மையத்துக்கு நேரில் கூட்டிப்போய்ச் சொந்த எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். வங்கிக் கணக்கும் இதே கதைதான். மைனர் கணக்குக்கு 18 ஆனதும் புதிதாகக் கையெழுத்தும் அடையாள ஆவணங்களும் (கேஒய்சி) கொடுக்காவிட்டால் பணம் எடுக்க முடியாது. பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் அரசு தரும் பங்கு, மாத உதவித்தொகையில் 25 சதவீதம், அதிகபட்சம் மாதம் 1,500 ரூபாய், நேராகக் கணக்குக்குத்தான் வரும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. 10 வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, வேறு ஆதரவில்லாமல் அரசு இல்லத்திலோ அங்கீகாரம் பெற்ற இல்லத்திலோ வளர்ந்தவர்களுக்குத் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடமுண்டு. ஐடிஐ சேர்க்கைக்கு முன்பே சான்றிதழ் வாங்கிவிடுங்கள்.

அடுத்தது, எந்த மாதத்தில் சேர்ப்பது? நம் கரையில் இது முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். பாம்பனிலும் மண்டபத்திலும் படகுகள் கரையேறும். இன்ஜினைக் கழற்றுவது, பலகை மாற்றுவது, பெயிண்ட் அடிப்பது என்று ஒர்க்‌ஷாப்புக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஒரு படகை முழுசாகப் பிரித்துச் சேர்ப்பதைப் பார்க்க இதைவிட நல்ல காலமில்லை. ஐஸ் பிளான்ட்டிலும் மீன் கம்பெனியிலும் அப்போது வேலை குறைவு. அங்கே ஜூன் 15க்குப் பிறகு சேருங்கள். 18 ஆகாதவர்களை வெல்டிங்கிலோ அம்மோனியா கம்ப்ரஸர் அறையிலோ விடவே கூடாது. ஸ்டோர், உதிரிபாகக் கணக்கு போதும்.

சம்பளக் கணக்கையும் பாருங்கள். ஜூன் 16ல் சேர்ந்தால் ஜூலை 10க்குள் கைக்கு வருவது பாதி மாதப் பணம்தான். அதுவரை சாப்பாடு, பஸ், ரூம் அட்வான்ஸ்? இதற்குத்தான் பல பிள்ளைகள் முதல் மாதத்திலேயே கடன்படுகிறார்கள். பிற்காப்புத் தொகைக்கான மனுவை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் முன்கூட்டியே கொடுத்து, ஒரு மாதச் செலவைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் சாப்பிட்ட பிள்ளை இது. லீவு கேட்கவே தெரியாது. மேஸ்திரி திட்டினால் மறுநாள் வராது, காரணமும் சொல்லாது. வேலை வாங்குபவர் ஒருவர், நலம் விசாரிக்க வேறொருவர் என்று வையுங்கள். எங்கே வளர்ந்தது என்பதைப் பட்டறை முழுக்கச் சொல்லாதீர்கள். இரண்டு நாள் வராவிட்டால் பெயரை அடிக்காமல் இல்லத்துக்கு ஒரு போன் போடுங்கள். அடுத்த தடைக்காலத்துக்கு எத்தனை பேரை எடுப்பீர்கள் என்பதை மார்ச்சுக்குள் சொல்லிவிட்டால், மேலே சொன்ன காகித வேலைகளை முடித்து அனுப்ப இல்லங்களுக்கு நேரம் கிடைக்கும்.