மாத்திரை முடிந்த மறுநாள்

அவைத் தலைவர் அவர்களே, வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் காசநோய்த் துணை இயக்குநர் அவர்களே, பொன்னாடை போர்த்திய வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, தாய்மார்களே, வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால், சீட்டு எழுதிக் கொடுத்தவரின் கையெழுத்தைக் கேளுங்கள்.

காசநோய் மருந்து சாப்பிட்டு முடித்தவர்களின் நுரையீரல், வேலை, மனசு என்று மூன்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சரி.

'ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ' என்பார்கள். காசநோய்க்காரருக்கு அந்த ஆறு பெரும்பாலும் ஆறு மாத அகலம். சானடோரியத்தில் படுக்க வேண்டாம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1959இல் உலகத்துக்குக் காட்டியது நம் சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆய்வு மையம். பெருமைதான். ஆனால், கரையேறியவரை யார் பார்க்கிறார்கள்?

எனக்குத் தெரிந்த ஒரு சுமைத்தொழிலாளி. சளியில் கிருமி இல்லை, 'குணமடைந்தார்' என்று அட்டையில் எழுதியாயிற்று. மண்டிக்குப் போனார். அரிசி மூட்டையோடு நாலாவது படியில் மூச்சு முட்டி நின்றுவிட்டார். கிருமி போனாலும் நுரையீரலில் தழும்பு இருக்கிறதே! மேஸ்திரி, "நடிக்கிறியா?" என்றார். டீக்கடையில் எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸ், இவருக்கு மட்டும் பேப்பர் கப். ஒரு வருஷம் பொறுத்தார். அப்புறம் ஒருநாள் டீ மாஸ்டரே 'லொக் லொக்'. "எத்தனை நாளா இருமல்?" என்று கேட்டார் நம் தொழிலாளி. "மூணு வாரம்." "அடுப்பை அணை, கிளம்பு!" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் சளிப் பரிசோதனைக்கு உட்கார வைத்தார். கிருமி இருந்தது. அன்றிலிருந்து இவருக்குக் கண்ணாடி கிளாஸ், அதுவும் ஸ்பெஷல் டீ! நீங்கள் சிரிக்கிறீர்கள். ஆனால் மூட்டை தூக்கும் வேலை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

சிகிச்சையில் இருப்பவருக்கு ஊட்டச்சத்துக்கென்று அரசாங்கத்தில் மாதம் 500 ரூபாய் தந்தார்கள், 2024 நவம்பரிலிருந்து 1,000. நல்ல திட்டம். சிகிச்சை முடிந்தால் அதுவும் முடிந்தது. நீ யாரோ நான் யாரோ! முடிந்தபின் இரண்டு வருஷம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அரசின் காசநோய்த் திட்ட விதியிலேயே இருக்கிறது. அந்த நாளில் ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனையும் செய்யுங்கள், மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுங்கள், வேலைக்குப் போக முடியாதவருக்கு அந்த 1,000 ரூபாயை இன்னும் ஒரு வருஷம் நீட்டுங்கள். இவ்வளவுதான் எங்கள் மனு.

மனசைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள்.