ஹயலீயாவிலிருந்து வந்த நீதிபதி

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

1999 நவம்பர் 25. ஃப்ளோரிடா கரைக்கு அப்பால், காற்றடைத்த ரப்பர் வளையத்தைப் பற்றிக்கொண்டு மிதந்த ஐந்து வயதுச் சிறுவனை மீட்டார்கள். பெயர் எலியான் கொன்சாலஸ். கியூபாவிலிருந்து அவனைப் படகேற்றி அழைத்துவந்த தாயைக் கடல் கொண்டுபோய்விட்டது. தந்தை கியூபாவில், உறவினர்கள் மயாமியில். பையன் யாரிடம் சேர வேண்டும்? ஏழு மாதம் அமெரிக்கா இதையே பேசியது. மயாமி உறவினர்களுக்காகக் கட்டணம் வாங்காமல் உழைத்த வழக்கறிஞர் குழுவில் முப்பத்திரண்டு வயதுப் பெண் ஒருவர் இருந்தார். அவர்தான் பார்பரா லகோவா.

அந்த வழக்கில் அவர்கள் தோற்றார்கள். 2000 ஜூன் 1 அன்று, மத்திய அரசின் 11-ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், பையன் தந்தையிடமே சேர வேண்டும் என்ற அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அம்மாத இறுதியில் எலியான் தந்தையோடு கியூபா திரும்பினான். பெற்ற தகப்பன் உயிரோடு இருக்கும்போது பிள்ளை அவரிடம் போவதே முறை என்றுதான் எனக்கு அன்றும் தோன்றியது, இன்றும் தோன்றுகிறது. ஆனால் லகோவா எந்த வீட்டில் வளர்ந்தவர் என்று தெரிந்தபிறகு, அவர் ஏன் அந்தப் பக்கம் நின்றார் என்பது விளங்கியது.

அவருடைய பெற்றோர் காஸ்ட்ரோவின் ஆட்சிக்குத் தப்பி வந்தவர்கள். வழக்கறிஞராக வேண்டும் என்ற தந்தையின் கனவு கியூபாவோடு முடிந்தது. 1967-இல் மயாமியில் பிறந்த மகள், தெருவெல்லாம் ஸ்பானிய மொழி ஒலிக்கும் ஹயலீயா என்ற உழைப்பாளர் நகரில் வளர்ந்தார். ஃப்ளோரிடா பன்னாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்து, 1992-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்றார். தந்தை ஏற முடியாத படியில் மகள் ஏறினார்.

2003 முதல் மூன்றாண்டுகள் மத்திய அரசு வழக்கறிஞராக இருந்தார். 2006-இல் ஃப்ளோரிடா ஆளுநர் ஜெப் புஷ் அவரை மயாமியிலுள்ள மூன்றாவது மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு நியமித்தார். அங்கே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வழக்குகளைக் கேட்டார். செய்திகளில் அதிகம் அடிபடாத அந்த ஆண்டுகளில்தான் நீதிபதியாக அவர் பழுத்தார் என்று நினைக்கிறேன்.

2019 ஜனவரி 9 அன்று புதிய ஆளுநர் ரான் டிசான்டிஸ் அவரை மாநில உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார். அறிவிப்பு நடந்த இடம் மயாமியின் சுதந்திர கோபுரம். கடல் கடந்து வந்த கியூப அகதிகளைப் பதிவு செய்து, உணவும் மருத்துவமும் கொடுத்த கட்டடம் அது. அங்கேதான், ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றத்தின் முதல் கியூப அமெரிக்கப் பெண் நீதிபதியாக லகோவா அறிமுகமானார். பெற்றோர் விட்டுவந்த நாட்டில் ஆட்களின் விருப்பமே சட்டமாக இருந்தது, இங்கே சட்டமே ஆள்கிறது என்ற பொருள்பட அன்று பேசினார். அகதி வீட்டுப் பிள்ளையின் வாயில் அந்தச் சொல்லுக்குத் தனி எடை உண்டு.

அதே ஆண்டு நவம்பரில், 80-க்கு 15 என்ற வாக்குகளில் அமெரிக்க செனட் அவரை 11-ஆவது வட்டார நீதிமன்றத்துக்கு அனுப்பியது. ஆம், எலியான் வழக்கில் அவர் தரப்பைத் தோற்கடித்த அதே நீதிமன்றம்தான்.

அங்கே வந்த ஒரு வழக்கு இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. தண்டனை முடித்தவர்களுக்கு வாக்குரிமையைத் திருப்பித் தரும் சட்டத்திருத்தத்தை 2018-இல் ஃப்ளோரிடா மக்கள் ஏறத்தாழ 65 விழுக்காடு ஆதரவோடு நிறைவேற்றினார்கள். அபராதத்தையும் நீதிமன்றக் கட்டணத்தையும் கட்டி முடித்தால்தான் வாக்கு என்று அடுத்த ஆண்டே சட்டமன்றம் நிபந்தனை போட்டது. கட்ட வழியில்லாத ஏழைகள் வழக்குத் தொடுத்தார்கள். மாநில நீதிமன்றத்தில் இதே விவகாரத்தின் விசாரணையில் இருந்தவர் என்பதால் லகோவா விலக வேண்டும் என்று செனட்டின் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கேட்டார்கள். அவர் மறுத்தார். 2020 செப்டம்பர் 11 அன்று, ஆறுக்கு நான்கு என்ற கணக்கில் நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அறுவரில் அவரும் ஒருவர். எழுதப்பட்ட சட்டத்தை எழுதியபடி படிப்பதே நீதிபதியின் வேலை என்பது அவர் உறுதி. அந்த உறுதியை மதிக்கிறேன். ஆனாலும் அவர் விலகியிருக்க வேண்டும். வாக்குச் சாவடிக்குப் போகும் வழியில் பணம் குறுக்கே நிற்கக் கூடாது.

ஒரு வாரத்தில் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் காலமானார். நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் காலியான அந்த இடத்துக்கு லகோவாவின் பெயர் முன்வரிசையில் பேசப்பட்டது. அதிபர் டிரம்ப் ஏமி கோனி பாரட்டைத் தேர்ந்தெடுத்தார். லகோவா தம் நீதிமன்றத்துக்கே, வழக்குக் கட்டுகளுக்கே திரும்பினார்.

நன்றி, வணக்கம்.