ரசீது இல்லாத செலவு

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, பெரியவர்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

சாலை விபத்துகளால் மட்டும் பெரும்பாலான நாடுகள் தங்கள் மொத்த உற்பத்தியில் சுமார் 3 விழுக்காட்டை இழக்கின்றன என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சரி, ஒருவருக்கு அடிபட்டால் சமுதாயத்துக்கு ஆகும் நஷ்டத்தை எப்படி அளக்கிறார்கள்? ஆஸ்பத்திரிச் செலவு, மருந்து, நஷ்டஈடு, இவற்றுக்கு ரசீது உண்டு. கூட்டிப் போட்டுவிடலாம். ரசீது இல்லாத செலவில்தான் சிக்கல்.

செம்பனை வெட்டுகிறவரைப் பாருங்கள். அண்ணாந்து நின்று குலையை அறுக்கும்போது மட்டைத் தூசு கண்ணில் விழுகிறது. கசக்கிக்கொண்டே வேலையை முடிக்கிறார். மறுநாள் கண் வீங்கிவிடுகிறது. டாக்டர் 3 நாள் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு, கொடுக்கிறார். ஆனால் விபத்து நடந்த நாளையும் சேர்த்து 4 நாளாவது எம்.சி. இருந்தால்தான் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் தற்காலிக முடக்க உதவித்தொகை கிடைக்கும். ஆக, அந்தக் கண் சொக்சோ கொடுத்த பணத்தின் கணக்கில் ஏறவே இல்லை.

காயம் பெரிதென்றால், சொக்சோ தன் கணக்கில் வைத்திருக்கும் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு தருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவரைத் தூக்கி உட்கார வைக்க மனைவி ஃபேக்டரி வேலையை விட்டாரே, அந்தச் சம்பளம்? அதுவும் சமுதாயத்தின் நஷ்டம்தான், யாரும் எழுதி வைப்பதில்லை.

பொருளாதார நிபுணர்களிடம் ஒரு பழைய முறை இருக்கிறது. ஒருவர் இன்னும் எத்தனை ஆண்டு சம்பாதித்திருப்பார் என்று பார்த்து இழப்பை மதிப்பிடுவார்கள். சம்பளத்தை மட்டும் பார்த்தால், வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பாட்டிக்கு இழப்பு பூஜ்யம். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பேரப்பிள்ளைகளை அவர் பார்த்துக்கொண்டதால்தானே மகளும் மருமகனும் வேலைக்குப் போனார்கள்? ஆபத்தைக் குறைக்க மக்கள் எவ்வளவு கொடுக்கத் தயார் என்று கேட்டு அளக்கும் இன்னொரு முறையும் உண்டு. அதில் வலிக்கும் பயத்துக்கும்கூட இடம் இருக்கிறது. ஆனால் கையில் காசில்லாதவர் குறைவாகத்தான் சொல்வார். அதையும் கவனிக்க வேண்டும்.

2022இல் நம் நாட்டில் இல்லத்தரசிகளுக்கென்று தனிச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆண்டுக்கு 120 ரிங்கிட் சந்தா. வீட்டில் அடிபட்டாலும் அது இழப்புதான் என்று சட்டமே ஒப்புக்கொண்டது. பதியாத அம்மாமார்கள் பதிந்துகொள்ளுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டு போடுங்கள். யாருக்கு அடிபட்டது, எத்தனை நாள் வேலை போனது, ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போய்வர எவ்வளவு ஆனது, கூட இருந்தவர் யார், அவருக்குப் போன சம்பளம் எவ்வளவு. எம்.சி. தாளையும் அதிலேயே செருகி வையுங்கள்.