உச்சி வெயிலில் ஒரு கேமரா

நேயர்களுக்கு வணக்கம். இயற்கைக் காட்சிகளைப் படம் எடுப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வானொலியில் படத்தைக் காட்ட வழியில்லை, அதனால் வெளிச்சத்தைப் பற்றிப் பேசுகிறேன், அதிலும் யாருக்கும் பிடிக்காத வெளிச்சத்தைப் பற்றி.

கேமரா வாங்கிய எல்லோரிடமும் முதலில் சொல்லப்படுவது, விடியற்காலையில் எடு, சாயங்காலம் எடு, நடுவில் தூங்கு என்பதுதான். தப்பில்லை. ஆனால் இதைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போய், தரிசனம் முடித்து, எல்லோரும் சாப்பிட்டு, தனுஷ்கோடிக்கு வேனில் போய் இறங்கும்போது மணி 12 ஆகியிருக்கும். அவர் என்ன செய்வது?

லண்டனில் டிசம்பர் கடைசியில் நடுப்பகலில்கூட சூரியன் சுமார் 15 டிகிரி உயரம்தான் ஏறும், நாள் முழுக்கச் சாய்ந்த வெளிச்சம்தான். நம் பக்கம் அப்படியில்லை. கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறிவிடும், விடியலிலும் சாயங்காலத்திலும் வரும் அந்தப் பொன் வெளிச்சம் அரை மணி நேரம் நின்றாலே அதிகம். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் சென்னையில் சூரியன் நேர் உச்சந்தலைக்கு மேலேயே வந்துவிடும். ஆக, நமக்கு வாய்த்தது உச்சி வெயில். அதற்கு என்ன கைவரும் என்று பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை.

தனுஷ்கோடியையே எடுத்துக்கொள்வோம். காலையில் கடல்மேல் விழும் சாய்வான வெளிச்சத்தில் கணிசமான பகுதி மேற்பரப்பிலேயே பளபளத்துத் திரும்பிவிடும். நடுப்பகலில் அது தண்ணீருக்குள் இறங்கி, அடியில் உள்ள வெள்ளை மணலைத் தொட்டுத் திரும்புகிறது. ஆழமில்லாத இடத்தில் அந்தப் பச்சையும் நீலமும் கலந்த நிறம் அப்போதுதான் நன்றாகத் தெரியும். அப்புறம் 1964 புயலில் சிதைந்த அந்தத் தேவாலயம். கூரை கிடையாது. உச்சி வெயில் சுவரை உரசிக்கொண்டே கீழே இறங்குவதால் ஒவ்வொரு கல்லின் சொரசொரப்பும் தனித்தனியாக எழுந்து நிற்கும். தரையில் கிடக்கும் மணலுக்குத்தான் அந்த நேரத்தில் உருவம் இருக்காது, எல்லாம் தட்டையாகிவிடும், அதனால் சுவரோடு நின்றுவிடுங்கள்.

போலரைசர் ஃபில்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு லாபம். லென்ஸுக்கு முன்னால் மாட்டும் கண்ணாடி அது, பளபளப்பைக் குறைத்து வானத்தின் நீலத்தை அடர்த்தியாக்கும். சூரியன் இருக்கும் திசைக்கு 90 டிகிரி விலகிய வானத்தில்தான் அது அதிகம் வேலை செய்யும். காலையில் அகலமான காட்சியைப் பிடிக்கும் லென்ஸ் போட்டால் வானத்தில் ஒரு பகுதி மட்டும் கருநீலமாகித் திட்டுத்திட்டாக இருக்கும். சூரியன் உச்சியில் இருக்கும்போதோ அடிவானம் சுற்றிலும் அதே 90 டிகிரிதான், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே சீரான நீலம். திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காட்டில் செம்மண்ணும் பனையும் இந்த நீலத்தோடு சேரும்போது, சாயங்காலப் படம் இதற்கு ஈடாகாது என்று நான் சண்டை போடுவேன்.

சரி, வெயிலே இல்லாவிட்டால்? ஜூலையில் குற்றாலம், மப்பும் மந்தாரமுமாக, சாரல் வேறு. அருவி எடுக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. வெயிலில் தண்ணீர் வெளிறி, பாறை கறுத்து, இரண்டையும் ஒரே படத்தில் அடக்க முடியாது. மேகம் அந்த வித்தியாசத்தைக் குறைத்துவிடுகிறது. வெளிச்சம் குறைவு என்பதால் கால் வினாடி, அரை வினாடி என்று ஷட்டரை மெதுவாக்கி, தண்ணீரைப் பட்டுபோல வழியவிடவும் முடியும். ஈரப் பாறையின் பளபளப்பைப் போலரைசர் எடுத்துவிட்டால் பாசியின் பச்சை வெளியே வரும். வெறும் வெள்ளையாக இருக்கும் வானத்தை மட்டும் படத்துக்குள் விடாதீர்கள். லென்ஸ் துடைக்கக் காய்ந்த துணி இரண்டு மூன்றாவது வேண்டும், சாரல் விடாது.

கொடைக்கானல் மூடுபனியில் ஒரு சிக்கல் உண்டு. கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே நினைத்துக்கொள்ளும், வெண்பனி அழுக்காகிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா உள்ளே வாங்கும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் கூட்டுங்கள், இரண்டு மடங்காக்குங்கள் என்று அர்த்தம். மொபைல் என்றால் திரையைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே தள்ளினால் போதும்.

எனக்கு இன்னும் ஒத்துவராத வெளிச்சம் ஒன்றே ஒன்று. மே மாதத்தில் நீலமும் இல்லாமல் மேகமும் இல்லாமல், தூசி மங்கலாக வானம் வெளுத்துக் கிடக்குமே, அது. கருப்பு வெள்ளையாக மாற்றினால் சில சமயம் தேறும். தேறாவிட்டால் கேமராவைப் பையில் போட்டுவிட்டு, சாலையோரத்தில் நுங்கு விற்கிறார்களா என்று பார்ப்பேன்.

நன்றி, வணக்கம்.