தாய்வழி தேடுவோருக்குத் தேவாலயப் பதிவேடுகள்

(சென்னை தினத்தையொட்டி நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

கிழக்கிந்தியக் கும்பினிக் காலத்துச் சென்னையில் வாழ்ந்த ஒரு பெண்ணின் வம்சத்தைத் தேவாலயப் பதிவேடுகளைக் கொண்டு கண்டறிய முடியுமா என்பது எனக்குத் தரப்பட்டுள்ள பொருள். அவள் பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். அவளுக்குப் பக்கத்தில் நின்றவர்களின் பெயர்களையும் சேர்த்துத் தேடினால் அவள் அகப்படுவாள் என்பது என் கருத்து.

புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் தூய மேரி ஆலயம் 1680 அக்டோபர் 28 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஏழே நாட்கள் கழித்து, நவம்பர் 4 அன்று, அதன் முதல் திருமணம் எலிஹு யேலுக்கும் கேத்தரின் ஹின்மர்ஸுக்கும் நடந்தது. மணமகன் பின்னாளில் கவர்னரானவர், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் பெயர் தந்தவர். அவரைப் பற்றிச் சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. மணமகளைப் பாருங்கள். ஹின்மர்ஸ் என்பது அவருடைய தகப்பனார் வீட்டுப் பெயரன்று. அதே ஆண்டில் காலமான முதல் கணவர் ஜோசப் ஹின்மர்ஸின் பெயர். எல்ஃபோர்டு என்ற பிறந்த வீட்டுப் பெயரை எட்ட வேண்டுமானால் கோட்டையை விட்டு இங்கிலாந்து வரை போக வேண்டும். அந்த முதல் கணவரும், யேலுக்குப் பிறந்து குழந்தையிலேயே இறந்த டேவிட்டும் அடக்கமான நினைவுச் சின்னம் சட்டக் கல்லூரி வளாகத்தில் இன்றும் நிற்கிறது. தாய்க்கு இந்நகரில் மிஞ்சியிருக்கும் தடயம் இவ்விரு ஆண்களின் கல்லும் ஒரு திருமணப் பதிவுமே.

ஆகவே திருமணப் பதிவில் மணமகள் விதவை என்று கண்டால், அதுவே உங்களுக்குக் கிடைத்த முதல் பிடி. அக்காலச் சென்னையில் காய்ச்சலும் பேதியும் போரும் கணவன்மாரை வேகமாகக் கொண்டுபோயின. கைம்பெண்கள் சில மாதங்களுக்குள்ளேயே மறுமணம் செய்துகொண்டது புதுமையில்லை. அடக்கப் பதிவில் முதல் கணவனைத் தேடுங்கள். அங்கிருந்து பின்னோக்கி முந்தைய திருமணத்துக்குப் போங்கள். ஒரே பெண் மூன்று குடும்பப் பெயர்களில் மூன்று பக்கங்களில் இருப்பாள்.

இவ்வளவும் ஐரோப்பியப் பெண்ணுக்கு. நம் ஊர்ப் பெண்ணின் நிலை இன்னும் கடினம். கல்கத்தாவோடு பெயர் சேர்ந்திருக்கும் ஜாப் சார்னாக்கின் மூன்று மகள்களுக்கு 1689இல் இதே தூய மேரி ஆலயத்தில் ஞானஸ்நானம் தரப்பட்டது. அவர்களைப் பெற்றவர் ஓர் இந்தியப் பெண். உடன்கட்டை ஏற இருந்தவரைச் சார்னாக் மீட்டுவந்தார் என்ற கதை எல்லோருக்கும் தெரியும், அவருடைய குலமும் ஊரும் எவருக்கும் தெரியாது. அதற்கு இரண்டாண்டுகள் முன்புதான், 1687இல், கும்பினியின் இயக்குநர்கள் லண்டனிலிருந்து கடிதம் எழுதியிருந்தார்கள்: கோட்டைச் சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்குவிக்க வேண்டும், அப்படிப் பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆகும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் தரலாம் என்று. தாயின் கையில் வராகனைக் கொடுக்க நினைத்தவர்களின் ஆட்சியில், ஞானஸ்நானப் பதிவு பல இடங்களில் தகப்பன் பெயரோடு நின்றுவிடுகிறது. இந்த முரணை வரலாற்றாசிரியர்கள் போதுமான அளவு கேலி செய்யவில்லை என்பது என் குறை.

அங்கேதான் ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்கும் ஞானப் பெற்றோர் கைகொடுக்கிறார்கள். குழந்தையின் ஞானத்தாய் பெரும்பாலும் தாயின் சகோதரியோ, சிநேகிதியோ, அடுத்த வீட்டுக்காரியோ ஆவாள். நீங்கள் தேடும் குடும்பத்தின் பதிவை மட்டும் நகலெடுத்துக்கொண்டு வராதீர்கள். முன்னும் பின்னும் இரண்டு மூன்று ஆண்டுகளின் பக்கங்களை வரி வரியாகப் படியுங்கள். ஒரே ஞானத்தாய் நான்கு வீட்டுப் பிள்ளைகளை ஏந்தி நின்றால், அந்த நான்கு வீடுகளுக்கும் உறவோ தெருவோ பொதுவாக இருக்கும். திருமணச் சாட்சிகளுக்கும் இது பொருந்தும்.

தேதியில் ஓர் எச்சரிக்கை. 1752 வரை ஆங்கிலேயர் கணக்கில் ஆண்டு மார்ச் 25 அன்று பிறந்தது. 1741 ஏப்ரலில் திருமணம், 1741 பிப்ரவரியில் முதல் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று ஏட்டில் கண்டு, கொள்ளுப் பாட்டிக்கும் பாட்டியான ஒருத்தியின் மேல் பழி சுமத்திவிடாதீர்கள். அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1742. பத்து மாதங்கள், எல்லாம் முறைப்படியே நடந்திருக்கிறது. அதே நாளில் சாந்தோமில் போர்த்துகீசியப் பாதிரியார் எழுதிய ஏடு, இன்று நாம் பின்பற்றும் ரோமாபுரிக் கணக்கின்படி பதினொரு நாட்கள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. கோட்டையும் மயிலாப்பூரும் கூப்பிடு தூரத்தில் இருந்தும் நாட்காட்டி இரண்டாகத்தான் இருந்தது.

ஒரே ஆலயத்தின் ஏட்டோடு நின்றுவிடுவதும் கூடாது. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது கும்பினியின் தலைமையிடம் கடலூருக்குப் போய், 1752 வரை அங்கேயே இருந்தது. அந்த ஆண்டுகளில் சென்னை ஏட்டிலிருந்து மறையும் குடும்பத்தைக் கடலூரில் தேட வேண்டும். 1753 பிப்ரவரி 18 அன்று ராபர்ட் கிளைவ் மார்கரெட் மாஸ்கலினை மணந்தது தூய மேரி ஆலயத்தில். நடத்திவைத்தவரோ வேப்பேரியில் தமிழ்ச் சபையைக் கவனித்துக்கொண்டிருந்த ஜெர்மானிய மிஷனரி பப்ரிசியஸ், தமிழ் அகராதி தொகுத்த நம் அகராதிக்காரர். நான்கு நாட்கள் கழித்து, நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் அத்தை பிலடெல்பியா ஆஸ்டின் கும்பினி வைத்தியர் ஹான்காக்கைக் கடலூரில் மணந்தார். மணமகள் எந்தச் சபை, குரு எந்தச் சபை, நடந்த ஊர் எது என்ற மூன்று கேள்விகளுக்கும் மூன்று விடைகள் இருக்கக்கூடும்.

கல்லறைக் கற்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். தூய மேரி ஆலயத்தைச் சுற்றிப் பதித்திருக்கும் கற்களில் ஒன்று 1652இல் இறந்த எலிசபெத் பேக்கருடையது. ஆலயமே அதற்கு இருபத்தெட்டு ஆண்டுகள் பிந்தியது. பழைய இடுகாட்டின் சமாதிகள் 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படைக்கு மறைவிடமானதால் பின்னர் அகற்றப்பட்டன. கற்கள் மட்டும் ஆலயத்தைச் சுற்றி வந்து சேர்ந்தன. கல் சொல்லும் பெயரையும் ஆண்டையும் எடுத்துக்கொள்ளலாம், அது கிடக்கும் இடத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் முன்னெழுத்தாகி, அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். மரியாள், அன்னாள், ஞானம்மாள் என்று ஒரே பக்கத்தில் ஐந்தாறு பேர் வருவார்கள். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவர் திருமணச் சட்டம் வகுத்த பதிவேட்டுப் படிவத்தில் மணமக்களின் வயது, தொழில், வசிப்பிடம் இவற்றோடு தகப்பன் பெயருக்கும் ஒரு கட்டம் உண்டு. தாயின் பெயருக்குக் கட்டமே இல்லை. ஆலயத்தில் முன்னறிவிப்பாக ஓலை வாசித்து நடந்ததா, உரிமம் பெற்று நடந்ததா என்று கேட்கத் தோன்றிய சட்டத்துக்கு, பெற்றவள் யார் என்று கேட்கத் தோன்றவில்லை. எனவே தாய்வழியில் மேலே ஏற விரும்புவோர் திருமண ஏட்டில் வசிப்பிடத்தையும் வயதையும் குறித்துக்கொண்டு, அந்த வயதைக் கழித்து, அந்தப் பகுதியின் ஞானஸ்நான ஏட்டுக்குப் போக வேண்டும். தாயின் பெயர் எங்கேனும் இருக்குமானால் அங்கேதான் இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு கிடைக்காத பெண்களும் உண்டு. யேலோடு வாழ்ந்த ஹைரோனிமா டி பைவா, வைர வியாபாரி ஒருவரின் கைம்பெண், யூதர். தூய மேரி ஆலயத்து ஞானஸ்நான ஏட்டில் அவரைத் தேடிப் பயனில்லை. தேவாலயம் தன் பிள்ளைகளைத்தான் எழுதி வைத்தது.

புறப்பட எண்ணும் இளைஞர்களுக்கு நடைமுறை ஒன்று. 1698 முதலான சென்னை மாகாணப் பதிவுகளின் நகல்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அவை எழுத்தர் பார்த்து எழுதியவை. பெயர் பிழைபட்டிருக்கலாம், சாட்சிகள் விடுபட்டிருக்கலாம். நகலில் குறிப்பைப் பிடித்தபின் இங்குள்ள மூல ஏட்டைப் பாருங்கள். அதற்கு அந்த ஆலயத்தின் ஆயரிடம் முன்கூட்டியே கடிதம் கொடுத்து, வேண்டிய ஆண்டையும் பெயரையும் எழுதிக் காட்டி, வார நாளில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு போய் நின்றால் ஏடும் கிடைக்காது, ஆயரும் கிடைக்கமாட்டார். அங்கே போவதற்கு முன், வீட்டில் உள்ள பழைய வேதப் புத்தகத்தின் முதல் தாளைப் புரட்டிவிடுங்கள். பிள்ளைகள் பிறந்த நாளை வீட்டுப் பெண்கள் பல குடும்பங்களில் அதிலேதான் எழுதி வைத்திருக்கிறார்கள்.