மருந்து அடிக்கும் முன் செதிலைத் தூக்கிப் பாருங்கள்

(தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழத்தோட்டம் வைத்திருக்கும் தமிழர்கள் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே,

நம் முன்னோரை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று இந்தத் துறைமுகத்தை அடைந்த கதையை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். நம் முன்னோரின் நாட்டைத் தாயகமாகக் கொண்ட மற்றோர் உயிரும் இந்த நேட்டால் பகுதியில் வேரூன்றியிருக்கிறது. மிளகைவிடச் சற்றே சிறியதாய், கருநிறத்தில் பளபளக்கும் அந்தப் பொறிவண்டின் பெயர் கைலோகோரஸ் நிக்ரிட்டஸ். இவ்வண்டு, ஆரஞ்சு மரங்களின் பெரும்பகையான சிவப்புச் செதில் பூச்சியைத் தின்று வாழ்கிறது.

இலையிலும் கிளையிலும் பழத்தோலிலும் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் அந்தப் பூச்சி, தன்மேல் மெழுகால் ஒரு மூடியை அமைத்துக்கொண்டு அதற்கடியில் அசையாமல் கிடக்கிறது. அதன் இன்னொரு பகை அஃபைடிஸ் என்னும் ஒட்டுண்ணிக் குளவி. ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள இந்த மஞ்சள் குளவி, அந்த மூடியைத் துளைத்து முட்டையிட, பொரித்து வரும் புழு செதில் பூச்சியைச் சிறிது சிறிதாக உறிஞ்சித் தீர்க்கிறது.

நாம் மருந்து அடிக்கும்போது முதலில் மடிவது யார் என்பதை எண்ணிப் பாருங்கள். செதில் பூச்சி மூடிக்குள் இருக்கிறது. குளவியோ இரை தேடி நாள் முழுவதும் இலை இலையாக நடக்கிறது, நஞ்சு படிந்த பரப்பு முழுவதையும் தன் கால்களால் தொடுகிறது. தப்பிய சில செதில்கள் உடனே பெருகத் தொடங்கிவிடும். குளவியோ இரை பெருகிய பின்புதான் பெருக முடியும். அந்த இடைவெளியில்தான் மரம் பாழாகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பாரத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லி மருந்துகள் இந்நாட்டுத் தோட்டங்களுக்கு வந்தன. 1970-களில் சிவப்புச் செதில் பூச்சி அவற்றை எதிர்த்து நிற்கும் ஆற்றலைப் பெற்றுவிட்டது. குளவிகள் அடியோடு குறைந்திருந்த தோட்டங்களில் அதைத் தடுக்க எவருமில்லை. பின்னர் பூச்சியின் வளர்ச்சியைத் தடுக்கும் புதுவகை மருந்துகள் வந்தன. மனிதருக்குத் தீங்கு குறைவு என்பதால் அவற்றை நம்பியவர்களை நான் குறை கூற மாட்டேன். ஆயினும் பைரிப்ராக்சிஃபென் போன்றவற்றின் எச்சம் பட்டால் பொறிவண்டின் முட்டை பொரிக்காது, கூட்டுப்புழு வண்டாக மாறாது. இதை 1990-களில் இங்கு நடந்த ஆய்வுகளே காட்டின. வளர்ந்த வண்டு சாகாமல் மரத்தில் திரிவதால், அடுத்த தலைமுறை இல்லாமற்போனது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

என் தந்தையார் வீட்டின் பின்புறம் நின்ற ஆரஞ்சு மரத்துக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் மருந்து அடித்தார். மரம் மேலும் மேலும் செதில் பிடித்தது. அவர் மருந்தின் அளவைக் கூட்டினார். அருகில் நின்ற நானும் அதுவே சரி என்று நினைத்தேன். அடிமரத்தில் வரிசையாக ஏறிய எறும்புகளை நாங்கள் இருவருமே பொருட்படுத்தவில்லை. மரத்தில் சாறு உறிஞ்சும் வேறொரு பூச்சியான மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக வரும் எறும்பு, அந்த மரத்தை அண்டும் குளவிகளையும் விரட்டிவிடுகிறது. ஆகவே இலைகள் முழுவதும் நஞ்சைத் தெளிப்பதைவிட, எறும்பு ஏறாதபடி அடிமரத்தைச் சுற்றிப் பசைப் பட்டை கட்டி, தரையைத் தொடும் தாழ்ந்த கிளைகளை வெட்டிவிடுவது பெரும்பாலும் அதிகப் பலன் தரும்.

உங்கள் மரத்தில் செதிலைக் கண்டால், ஒரு குண்டூசியையும் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து இருபது செதில்களின் மூடியை மெல்லத் தூக்கிப் பாருங்கள். உள்ளே மஞ்சள் உடல் உருண்டு திரண்டிருந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. உடல் காய்ந்து சுருங்கி, பக்கத்தில் கடுகைவிட மிகச் சிறிய கரிய துகள்கள் கிடந்தால், அவை குளவியின் புழு விட்ட கழிவு. அப்படிப்பட்டவை பலவாக இருந்தால், தெளிப்பானைக் கொட்டகையிலேயே வைத்துவிட்டு இரண்டு வாரம் கழித்து அதே கிளையை மீண்டும் பாருங்கள்.